கிராணியார் பதில்கள்: கோவாவில் மாட்டிக்கொண்ட தூதர்

கேள்வி: போன இதழில் மலாக்கா கோட்டையைப் பற்றி எழுதும்போது, "அறுபது வருஷம் அந்தக் கோட்டைக்கு ராஜா ஸ்பெயினில் உட்கார்ந்திருந்தார்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கோட்டை போர்த்துக்கீசியருடையது அல்லவா? ஸ்பெயின்காரர் யாராவது இந்தப் பக்கம் வந்ததுண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தெலுக் இந்தான்

பதில்: வாத்தியாரய்யா, கோட்டை போர்த்துக்கீசியருடையதுதான். 1511-இல் அல்புகெர்க் பிடித்தார், 1641-இல் டச்சுக்காரர் கைக்குப் போனது. நடுவில் நடந்தது ஒரு வாரிசுத் தகராறு. 1578-இல் போர்த்துக்கலின் இளம் மன்னர் செபஸ்தியான் மொரோக்கோவுக்குச் சண்டைக்குப் போய் மாண்டார். பிள்ளை இல்லை. அடுத்து வந்தவர் வயதான கர்தினால், அவருக்கு எங்கிருந்து வாரிசு வரும்? தாய்வழி உரிமை எனக்கு உண்டு என்று ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் படையை அனுப்பி 1580-இல் நாட்டையே எடுத்துக்கொண்டார். 1640 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா. கோவா, மலாக்கா, மக்காவ் எல்லாம் பேருக்கு அவருக்குக் கீழே.

பேருக்கு என்று சொல்லக் காரணம் உண்டு. 1581-இல் தோமார் என்ற ஊரில் பிலிப் போர்த்துக்கீசியருக்கு வாக்குக் கொடுத்தார்: உங்கள் நாட்டிலும் கடல்கடந்த ஊர்களிலும் உத்தியோகமெல்லாம் உங்கள் ஆட்களுக்கே. அதனால் மலாக்காவுக்கு உத்தரவு வந்தது மாட்ரிட்டிலிருந்து அல்ல, கோவாவில் இருந்த போர்த்துக்கீசிய வைஸ்ராயிடமிருந்து. ஸ்பெயின்காரன் ஒருவன் அந்தப் பக்கம் தலைகாட்டினாலே அவர்களுக்கு முகம் சுளிக்கும்.

வந்தவர் இருக்கிறார். பிலிப்பைன்ஸ் கவர்னர் ஹுவான் டி சில்வா 1616-இல் மணிலாவிலிருந்து பெரிய கப்பல் படையோடு நம் மலாக்கா நீரிணைக்கு வந்தார். கோவாவிலிருந்து வரும் நான்கு போர்த்துக்கீசியக் கப்பல்களோடு சேர்ந்து டச்சுக்காரரை ஒரு கை பார்ப்பதாகத் திட்டம். இவர் வந்து சேர்வதற்குள் அந்த நான்கையும் டச்சுக்காரர் மலாக்காவுக்குப் பக்கத்திலேயே முடித்துவிட்டார்கள். இவரும் ஏப்ரல் மாதம் நோய் கண்டு மலாக்காவிலேயே இறந்தார்.

எனக்குப் பிடித்த ஸ்பெயின்காரர் இன்னொரு சில்வா. அவர் மலாக்கா வரைக்கும் வரவில்லை. இந்த ஹுவான் மலாக்காவில் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கோவாவில் கப்பலுக்குக் காத்துக்கொண்டு கிடந்தார். பாரசீகத்துக்குப் போன தூதர், தொன் கார்சியா. அவர் பெயரை முன்பொரு முறை இங்கே எழுதியதற்கே கடிதங்கள் வந்தன. இந்த இதழை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று ஆசிரியரும் தலையாட்டிவிட்டார்.


கேள்வி: ஐயா, நீங்கள் சொன்ன தொன் கார்சியாவுக்குக் கிளம்பும்போதே வயது 63 என்று படித்தேன். எங்கள் தாத்தா அந்த வயதில் தோட்டத்திலிருந்து ஓய்வெடுத்து கோழி வளர்த்தார். வயசான ஆளை ஏன் அவ்வளவு தூரம் அனுப்பினார்கள்?
— ஐந்தாம் படிவ மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, கோழி வளர்ப்பதும் லேசான வேலை இல்லை. முழுப் பெயர் தொன் கார்சியா டி சில்வா இ ஃபிகெரோவா. 1550 டிசம்பரில் ஸ்பெயினின் தென்மேற்கில் ஸாஃப்ரா என்ற ஊரில் பிறந்தவர். அந்த வட்டாரத்துப் பெரிய பிரபு குடும்பமான ஃபேரியா வம்சத்துக்குச் சொந்தம். கோர்த்தேஸ், பிசாரோ என்று அமெரிக்காவைச் சூறையாடப் போனவர்களும் அதே எக்ஸ்த்ரமதூரா மண்தான். காய்ந்த பூமி, வீட்டில் இருந்தால் பிழைப்பில்லை.

அவரை அனுப்பிய மன்னர் மூன்றாம் பிலிப். அவருக்குத் தலைவலி துருக்கிய சுல்தான். சுல்தானுக்குத் தலைவலி பாரசீகத்து ஷா அப்பாஸ். ஷா 1603-இலிருந்து துருக்கியரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சண்டை ஓயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் மாட்ரிட்டின் ஆசை. ஷாவின் ஆசை வேறு: பாரசீகப் பட்டு துருக்கி வழியாகப் போகாமல் கடல் வழியாக ஐரோப்பாவுக்குப் போகவேண்டும். கடல் வாசலில் ஹோர்முஸ் தீவு. அங்கே போர்த்துக்கீசியர் கோட்டை கட்டி வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஷாவின் ஆட்கள் 1602-இல் பஹ்ரைனைப் பிடித்தார்கள், 1614-இல் எதிர்க்கரையில் இருந்த கொம்ரூன் துறைமுகத்தையும் பிடித்தார்கள். இன்றைக்கு அதுதான் பந்தர் அப்பாஸ். "துருக்கியனோடு தொடர்ந்து மோது, எங்களிடம் பிடித்ததைத் திருப்பிக் கொடு, ஆங்கிலேயனை உள்ளே விடாதே." தூதர் சொல்லவேண்டிய மூன்று செய்தி இவ்வளவுதான். பதிலுக்குக் கொடுக்க அவர் கையில் என்ன இருந்தது என்று பார்த்தால், அதிகம் ஒன்றும் இல்லை.

அதற்கு முன் இந்த வேலைக்குப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் பாதிரிமார். ஒரு கதை கேள். கொவேயா என்ற பாதிரியாரோடு ஷா தன் ஆள் தெங்கிஸ் பேக் என்பவரை மாட்ரிட்டுக்கு அனுப்பினார், கூடவே மூட்டை மூட்டையாகப் பட்டும் போனது. விற்கக் கொடுத்த பட்டு மன்னருக்கு அன்பளிப்பாகப் போய்விட்டது என்று ஷாவுக்குக் கோபம். தெங்கிஸ் பேக் ஊர் திரும்பியதும் தலை போனது. பாதிரியார் தப்பித்துவிட்டார். அப்படிப்பட்ட இடத்துக்கு இந்த முறை அந்தஸ்துள்ள ஒரு பிரபு போகட்டும் என்று முடிவானது. இளசுகள் யாரும் இந்த வேலைக்கு முண்டியடித்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

1614 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பல் ஏறினார், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நவம்பரில் கோவா.


கேள்வி: லிஸ்பனிலிருந்து கோவா வர ஏழு மாதம், சரி. கோவாவிலிருந்து ஹோர்முஸ் எவ்வளவு தூரம்? 1617 வரைக்கும் கோவாவில் என்ன செய்தார்? கோவில் குளமா சுற்றினார்?
— லோரி ஓட்டுநர், தாப்பா

பதில்: அண்ணே, காற்று சரியாக இருந்தால் சில வாரப் பயணம். அவர் கோவாவை விட்டுக் கிளம்பியது 1617 மார்ச்சில். இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தார்.

நான் தோட்டத்து ஆபீஸ் எழுத்தராக, கிராணியாக இருந்தவன். இந்தக் கதை எனக்கு நன்றாகப் புரியும். எங்கள் தோட்டத்துக்குக் கம்பெனி தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வருவார், கையில் கடிதம் இருக்கும்: "இவருக்கு எல்லா உதவியும் செய்யவும்." தொரை கடிதத்தைப் படிப்பார், சிரிப்பார், தே கொடுக்கச் சொல்வார். அதை நான் வரவுப் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, தேதி போட்டு, தொரையின் மேசையில் இடது பக்கத் தட்டில் வைப்பேன். வலது பக்கத் தட்டு வேலை நடக்கும் தட்டு. இடது பக்கம் போனது காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வராது. வந்த ஆள் தினமும் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஜீப் பழுது, மழை, பெரிய மண்டோர் லீவு என்று தினம் ஒரு பதில். யாரும் அவரிடம் "முடியாது" என்று சொல்லவே மாட்டோம். மாட்ரிட் எங்கோ இருந்த தலைமை அலுவலகம், கோவா தொரையின் மேசை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கோவாவில் அப்போது வைஸ்ராய் ஜெரோனிமோ டி அசெவேதோ. நம் ஆட்கள் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளவேண்டும். அதற்கு முன் 1594 முதல் 1612 வரை இலங்கையில் போர்த்துக்கீசியப் படைத் தலைவராக இருந்தவர், அங்கே சனங்களுக்கு அவர் செய்த கொடுமை போர்த்துக்கீசியர் எழுத்திலேயே பதிவாகியிருக்கிறது. பின்னாளில் லிஸ்பனில் கைதாகிச் சிறையிலேயே செத்தார். அந்த ஆளிடம்தான் தொன் கார்சியா போய் நின்றார். போர்த்துக்கீசியர் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹோர்முஸ் அவர்கள் வயிற்றுப்பாடு. தோமாரில் கொடுத்த வாக்குப்படி அங்கே ஸ்பெயின்காரனுக்கு வேலையில்லை. ராஜா கடிதத்தோடு வந்திருக்கும் இந்தக் கிழவர் நாளைக்கு ஹோர்முஸ் கணக்கைக் கிளற மாட்டார் என்று என்ன நிச்சயம்? அதனால் கப்பல் இல்லை, பணம் இல்லை, பருவக்காற்று தவறிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அவர் சும்மா இருக்கவில்லை. மாட்ரிட்டுக்குப் புகார் எழுதினார். அந்தக் கடிதம் கப்பலேறிப் போய் பதில் வர ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். மிச்ச நேரத்தில் கோவாவின் மரம், பழம், மக்கள், வழக்கம் எல்லாவற்றையும் கவனித்து எழுதி வைத்தார். பிரபு வீட்டுப் பிள்ளை என்றாலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தவர்.

இந்தத் தாமதத்தின் விலை என்ன தெரியுமா? இவர் கோவாவில் காத்திருந்தபோதே, 1616 டிசம்பரில், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஜேம்ஸ்' என்ற கப்பல் பாரசீகக் கரையில் ஜாஸ்க் என்ற இடத்தில் நங்கூரம் போட்டது. அதில் வந்த எட்வர்ட் கானக் என்பவர் 1617-இல் ஷாவிடம் வியாபார அனுமதி வாங்கிவிட்டார். "ஆங்கிலேயனை உள்ளே விடாதே" என்று சொல்லப் போனவர் வாசலுக்கு வரும்போது ஆங்கிலேயன் உள்ளே உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அவரைத் தடுத்தவர்கள் ஸ்பெயினின் எதிரிகள் அல்ல, அதே ராஜாவின் உத்தியோகஸ்தர்கள்.


கேள்வி: ஷாவைப் பார்க்கப் போகும்போது என்ன சீர்வரிசை கொண்டுபோனார்?
— குடும்பத்தலைவி, பாகான் செராய்

பதில்: அம்மா, சரியான கேள்வி. வெறுங்கையோடு போனால் யார் மதிப்பார்கள்? 1618 ஜூனில் கஸ்வின் நகரத்தில் ஷாவைப் பார்த்தார். வெள்ளிச் சாமான், ஆயுதம், துணிமணி எல்லாவற்றையும் நூற்றுக்கணக்கான ஆட்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். ஒரு ஆள் தூக்கக்கூடியதை நாலு ஆளிடம் பிரித்துக் கொடுத்தால் வரிசை நீளும் அல்லவா, கல்யாணச் சீர்த்தட்டு விஷயம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பியத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி அப்போது கஸ்வினில் இருந்து எல்லாவற்றையும் பார்த்து எழுதியிருக்கிறார். சீரில் மிளகும் இருந்தது. நம் மலபார்க் கரை மிளகு. வெள்ளிக்குப் பக்கத்தில் மிளகு மூட்டையும் ராஜ சன்மானம்தான்.

ஷா நன்றாக உபசரித்தார், சிரித்துப் பேசினார், விருந்து வைத்தார். வேலை விஷயம் மட்டும் நகரவில்லை. அவருக்கும் மனத்தாங்கல் இருந்தது: "என்னைத் துருக்கியனோடு மோதச் சொல்லிவிட்டு உங்கள் குடும்பத்து ஆஸ்திரியச் சக்கரவர்த்தி 1606-இல் அவனோடு சமாதானம் செய்துகொண்டாரே?" என்பது ஐரோப்பியரிடம் அவர் பக்க வாதம். அது மட்டுமல்ல. தூதரைப் பார்த்த அதே 1618-இல், செப்டம்பர் மாதம், ஷா துருக்கியரைத் தோற்கடித்து சராப் என்ற இடத்தில் சமாதான ஒப்பந்தமும் போட்டுவிட்டார். சண்டையைத் தொடரச் சொல்ல வந்தவருக்கு முன்னாலேயே சண்டை முடிந்தது. இனி ஸ்பெயின் தயவு ஷாவுக்கு எதற்கு?

"இஸ்பஹானில் இருங்கள், வருகிறேன்" என்றார். மறுபடியும் காத்திருப்பு. 1619-இல் கடைசிப் பேட்டி. பஹ்ரைனும் இல்லை, கொம்ரூனும் இல்லை.


கேள்வி: தூதருக்குப் பார்சி மொழி தெரியுமா?
— தமிழ்ப்பள்ளி மாணவி, ஆறாம் ஆண்டு

பதில்: தெரியாது, கண்ணு. இஸ்பஹானில் அப்போது அகஸ்தீனிய, கார்மலைட் சாமியார்கள் மடம் வைத்திருந்தார்கள். ஹுவான் ததேயோ என்ற கார்மலைட் பாதிரியார் பார்சி நன்றாகப் பேசுவார், ஷாவுக்கும் வேண்டியவர். இப்படிப்பட்டவர்கள் வாய் வழியாகத்தான் பேச்சு நடந்தது.


கேள்வி: போன வேலை எல்லாம் தோல்வி என்றால் அவரைப் பற்றி ஏன் எழுதுகிறீர்கள்? மண்ணாங்கட்டிப் பிரபு.
— பெயர் வேண்டாம், ஈப்போ

பதில்: கோபம் வேண்டாம் ஐயா. 1618 ஏப்ரலில் ஷிராசிலிருந்து இஸ்பஹானுக்குப் போகும் வழியில் அவர் ஓர் இடிபாட்டைப் பார்க்கத் திரும்பினார். உள்ளூர்க்காரர்கள் அதை 'சேஹெல் மினார்', நாற்பது கோபுரம் என்பார்கள். மலையடிவாரத்தில் கல் மேடை, அதன்மேல் ஆகாயத்தைத் தொடுவது போலத் தூண்கள். மேலே கூரை இல்லை. யார் கட்டியது என்றால் ஜம்ஷித் ராஜா என்று ஒரு கதை, சாலமோன் ராஜா என்று ஒரு கதை. அவருக்கு முன்னாலும் ஐரோப்பியர்கள் அந்த வழியாகப் போயிருக்கிறார்கள், ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள், கழுதை மேல் ஏறிப் போய்விட்டிருக்கிறார்கள்.

தொன் கார்சியா இறங்கிப் பார்த்தார். அவர் படித்த ஆள். கிரேக்க எழுத்தாளர் தியோதோரஸ் பாரசீகத் தலைநகரைப் பற்றி எழுதியது நினைவில் இருந்தது: மதில், அரண்மனை, கிழக்கே ஒரு குன்று, அந்தக் குன்றின் பாறையைக் குடைந்து ராஜாக்களின் கல்லறைகள், ஏறிப்போக வழி கிடையாது, சவப்பெட்டியைக் கயிறு கட்டித்தான் மேலே தூக்கவேண்டும். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தால் கிழக்கே குன்று இருக்கிறது. குன்றின் முகத்தில் குடைந்த கல்லறைகள் இருக்கின்றன. படிக்கட்டு இருக்கிறது, குதிரையே ஏறிப்போகலாம் என்கிற அளவுக்குத் தாழ்ந்த படிகள். அவர் முடிவு கட்டினார்: இது பெர்செபொலிஸ். கி.மு. 330-இல் அலெக்சாந்தர் கொளுத்திய அதே நகரம். காரணம் காட்டி அப்படிச் சொன்ன முதல் ஐரோப்பியர் இவர்தான். இன்றுவரை யாரும் அதை மாற்றவில்லை.

இன்னொன்று. கல்லில் எழுத்துகள் இருந்தன. எழுத்து என்று பலருக்குத் தோன்றவே தோன்றாது, சிற்பிகள் போட்ட பூவேலை என்று நினைத்துக்கொள்ளலாம். அவர் கிட்டப் போய்ப் பார்த்து எழுதினார்: இது எபிரேயமும் அல்ல, கிரேக்கமும் அல்ல, அரபியும் அல்ல. ஒவ்வொரு குறியும் முக்கோணம், சின்னச் சின்னக் கூர்நுனிக் கோபுரம் மாதிரி நீண்டிருக்கிறது. எல்லாம் ஒரே வடிவம், நிற்கும் விதமும் வைத்த இடமும்தான் மாறுகிறது. இன்று ஆப்பெழுத்து என்று சொல்கிறோமே, அதைப் பற்றி இதைவிடத் தெளிவாக அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை. கூட வந்த ஓவியரைக் கொண்டு படியெடுக்கவும் செய்தார். அந்த எழுத்தைப் படிக்கும் வழியை குரோத்தஃபெண்ட் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்தது 1802-இல். ஆமாம் வாத்தியாரய்யா, பள்ளி ஆசிரியர்தான்.

இதையெல்லாம் அவர் 1619-இல் இஸ்பஹானிலிருந்து பெத்மார் பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அவரும் ஸ்பெயின் தூதர்தான், வெனிஸில் சதி செய்தார் என்று பேர் வாங்கி வெளியேறியவர். கடிதம் 1620-இல் ஆண்ட்வெர்ப்பில் லத்தீனில் அச்சேறியது. ராஜாவுக்கு எழுதிய புகார்களெல்லாம் கட்டுக்குள் தூங்க, நண்பருக்கு எழுதிய ஒரு கடிதம் ஐரோப்பா முழுக்கச் சுற்றியது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. அந்த அரண்மனையின் கிழக்குப் படிக்கட்டில் பல தேசத்து ஆட்கள் ராஜாவுக்குக் காணிக்கை கொண்டுவரும் சிற்பவரிசை இருக்கிறது. அதில் இந்தியாவிலிருந்து வந்த கூட்டமும் உண்டு. ஒருவன் தோளில் கம்பு, கம்பின் இரண்டு முனையிலும் கூடை, கூடையில் சிறு பைகள், பொன் தூள் என்கிறார்கள். இடுப்பில் துண்டு, மேலுக்குச் சட்டை இல்லை. தொன் கார்சியா இவனைப் பார்த்திருக்க முடியாது, அந்தப் பக்கம் மண்ணுக்குள் கிடந்து 1930-களில்தான் தோண்டி வெளியே எடுத்தார்கள். நான் படத்தில் பார்த்ததுதான், நீங்களும் தேடிப் பாருங்கள்.


கேள்வி: ஸ்பெயின் தூதர்கள் எல்லாருமே இப்படி ராசியில்லாதவர்கள்தானா?
— ஒட்டுக்கடைக்காரர், பீடோர்

பதில்: இல்லை முதலாளி. அதே ராஜா, அதே காலம், இன்னொரு தூதர் லண்டனில் சக்கைப்போடு போட்டார். தியேகோ சர்மியெந்தோ டி அகுன்யா, கோந்தோமார் பிரபு. 1613-இல் போனார், நடுவில் ஊருக்கு வந்துவிட்டு மறுபடி போய் 1622 வரை. இங்கிலாந்துத் துறைமுகத்தில் ஸ்பெயின் கப்பல் கொடியை இறக்கு என்றார்கள். முடியாது, இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் என்னைத் திரும்பக் கப்பலில் ஏற்றுங்கள், சேர்ந்து மூழ்குகிறேன் என்று ராஜாவுக்கே ஆள் அனுப்பினார். ஜேம்ஸ் ராஜாவுக்கு இந்த ஆளைப் பிடித்துப்போய்விட்டது. இருவரும் லத்தீனில் பேசிக்கொள்வார்கள். நான் கனவான் மாதிரி தப்பாகப் பேசுகிறேன், மன்னர் வாத்தியார் மாதிரி சரியாகப் பேசுகிறார் என்று கோந்தோமார் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். ராஜாவின் பெருமையைத் தடவிக்கொடுத்தபடியே அவர் காரியத்தை முடித்துக்கொள்வார். அரண்மனைப் பெரிய மனிதர்கள் பலருக்கு ஸ்பெயின் பணம் போனது.

அவர் பிடிவாதத்துக்கு ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலே பலியானார். ராலேயின் ஆட்கள் தென் அமெரிக்காவில் ஸ்பெயின்காரரின் சான் தொமே ஊரைத் தாக்கினார்கள், அதில் ராலே தன் மகனையே பறிகொடுத்தார். லண்டன் திரும்பியதும் 1618 அக்டோபரில் தலை வெட்டப்பட்டது. தொன் கார்சியா இஸ்பஹானில் ஷாவுக்குக் காத்திருந்த அதே மாதம்.

லண்டன் சனங்கள் கோந்தோமாரை வெறுத்தார்கள். மூல வியாதி போன்ற ஓர் உபாதை அவருக்கு, உட்காரவே சிரமம், பல்லக்கு நாற்காலியில் போவார். தெருவில் பையன்கள் கத்துவார்கள். 1624-இல் அவரையே கறுப்புக் குதிரைக் காயாக வைத்து ஒரு சதுரங்க நாடகம் போட்டார்கள், அவர் போட்டிருந்த உடையையும் நாற்காலியையும் எப்படியோ வாங்கி மேடையேற்றினார்கள். ஒன்பது நாள் கூட்டம் அலைமோதியது, ஸ்பெயின் புகார் செய்ததும் தடை. அவர் ஆசைப்பட்ட கடைசிக் காரியம், இங்கிலாந்து இளவரசர் சார்லஸுக்கு ஸ்பெயின் இளவரசியைக் கட்டிவைப்பது. மாப்பிள்ளையே 1623-இல் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு ஸ்மித் என்று பெயர் சொல்லி மாட்ரிட் போயும் கல்யாணம் நடக்கவில்லை.

இரண்டு பேருக்கும் வித்தியாசம் திறமையில் இல்லை என்பது என் கணக்கு. கோந்தோமாருக்கும் ஜேம்ஸுக்கும் நடுவில் யாரும் இல்லை. தொன் கார்சியாவுக்கு நடுவில் கோவா இருந்தது.


கேள்வி: வெள்ளைக்காரப் பிரபு கதையெல்லாம் நமக்கெதற்கு? நம் தோட்டத்துக் கதையை எழுதக்கூடாதா?
— மேனாள் பால்மரத் தொழிலாளி, கூலிம்

பதில்: எழுதுகிறேன் அக்கா, எழுதிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் நம் தோட்டத்தில் மரம் நட்டவர்கள் யார் கடிதத்தில் வந்தார்கள், யார் தட்டில் மாட்டினார்கள் என்று பார்த்தால் நூல் இந்தக் கோவா, மலாக்கா பக்கம்தான் இழுக்கிறது. 1511-இல் மலாக்கா விழுந்தபோது அங்கே தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். நைனா சாத்து என்பவரைப் போர்த்துக்கீசியர் நம்மவர்களுக்குத் தலைவராக, பெண்டகாராவாக வைத்தார்கள். மூன்று வருஷத்தில் பதவியைப் பறித்தபோது அவர் தீக்குளித்தார். அந்தக் காலத்து மலாக்காவைப் பற்றி எழுதி வைத்தவர் தோமே பிரேஸ், அவரும் பிறகு போர்த்துக்கல் தூதராகச் சீனாவுக்குப் போனவர்தான். மலாக்கா செட்டிகளைப் பற்றித் தனியாக எழுதக் கடிதம் போடுங்கள்.


கேள்வி: தொன் கார்சியா ஊர் போய்ச் சேர்ந்தாரா?
— அதே ஐந்தாம் படிவ மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை தம்பி. 1620-இல் கோவா திரும்பினார். மறுபடியும் போர்த்துக்கீசியர், மறுபடியும் கப்பல் பிரச்சினை. அவர் அங்கே இருக்கும்போதே 1622-இல் ஹோர்முஸ் விழுந்தது. கரையில் ஷாவின் படை, கடலில் ஆங்கிலேயக் கம்பெனிக் கப்பல்கள். பக்கத்துக் கெஷ்ம் தீவுச் சண்டையில் வடதுருவக் கடலில் வழி தேடிப்போன வில்லியம் பாஃபின் கூட ஆங்கிலேயர் பக்கத்தில் செத்தார். 1515-இலிருந்து இருந்த கோட்டை, மே மாதத்தில் கை மாறியது. இவரை அனுப்பியதே இதைத் தடுக்கத்தான்.

1624 தொடக்கத்தில் கப்பல் கிடைத்தது. ஜூலை 22-ஆம் தேதி, அசோர்ஸ் தீவுகளை நெருங்கும்போது, நடுக்கடலில் இறந்தார். வயது 73. நீண்ட கப்பல் பயணத்தில் பச்சைக் காய்கறி இல்லாமல் ஈறு வீங்கி வரும் ஸ்கர்வி நோய். ஊருக்கு வந்து சேர்ந்தது அவர் எழுதிய குறிப்புக் கட்டு. கோவா மரம் செடியிலிருந்து, 1618 நவம்பரில் இஸ்பஹான் வானத்தில் பார்த்த வால்நட்சத்திரம் வரை அதில் இருக்கிறது. விக்ஃபோர் என்ற டச்சுக்காரர் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1667-இல் வெளியிட்டார். அவர் சொந்த ஸ்பானிய மொழியில் அச்சானது 1903-இல்தான். கையெழுத்துப் பிரதி மாட்ரிட் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

அடுத்த இதழுக்கு மலாக்கா செட்டிகள். கேள்விகளை மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள், வாட்ஸ்அப் குரல் செய்தி வேண்டாம், எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.